முதலாம் ஆண்டு: பள்ளி முடிந்து கல்லூரி பழகும் காலம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவருக்கு ஒரே கோடையில் பல விஷயங்கள் சேர்ந்து மாறுகின்றன. பாடம் மாறுகிறது, தேர்வு முறை மாறுகிறது, பலருக்குப் பாடமொழியும் மாறுகிறது. உடன் படிப்பவர்கள் புதியவர்கள். விடுதியில் சேர்பவருக்குச் சாப்பாடும் தூக்கமும்கூடப் பழையபடி இல்லை. இவற்றில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் சமாளித்துவிடலாம். எல்லாம் ஒன்றாக வந்து சேர்வதால்தான் பள்ளியில் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தவர்கள்கூட முதல் செமஸ்டரில் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தைத் திறமைக் குறைவு என்று மாணவரும் பெற்றோரும் எடுத்துக்கொள்வதுதான் முதலாம் ஆண்டில் நேரும் பெரிய கேடு. அது ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்குப் போகும்போது ஏற்படும் இடைவெளி. எங்கே ஏற்படுகிறது என்று தெரிந்தால் அதைக் குறைக்கவும் முடியும்.

தமிழ்நாட்டில் இந்த இடைவெளி லட்சக்கணக்கான வீடுகளைத் தொடுகிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் இந்தியாவின் மொத்த உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டின் விகிதம் 47 விழுக்காடு. இந்த உயர்வுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கல்லூரிக்குள் நுழைபவர்களில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்கள் வீட்டில் இன்டர்னல் என்றால் என்ன, கிரெடிட் என்றால் என்ன, ஒரு தாளில் தேறாமல் அரியர் விழுந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. படித்த குடும்பத்துப் பிள்ளை இரவுச் சாப்பாட்டின்போது அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதை, இவர்கள் ஒரு தாளைக் கோட்டைவிட்ட பிறகே தெரிந்துகொள்கிறார்கள். கல்லூரிகள் இதை நினைவில் வைத்தே முதலாம் ஆண்டை அமைக்க வேண்டும்.

முதலில் தேர்வு முறை. பள்ளியில் ஒரு புத்தகம், ஓர் ஆண்டு, இறுதியில் ஒரு பொதுத்தேர்வு. புத்தகத்தின் பின்பக்க வினாக்கள், ஸ்பெஷல் கிளாஸ், திருப்புதல் தேர்வு என்று ஆசிரியர்களே மாணவரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல்லூரியில் ஒரு தாளுக்கு ஐந்து யூனிட். கையில் இருப்பது ஒரு பாடத்திட்டமும் சில புத்தகங்களின் பெயர்களும். எந்தப் புத்தகத்தில் எந்தப் பகுதியைப் படிப்பது என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு நான்கு மாதம் சொச்சம்தான் அவகாசம். பொறியியல் கலந்தாய்வு முடிந்து முதலாம் ஆண்டு வகுப்புகள் தாமதமாகத் தொடங்குவதால், மற்ற ஆண்டினருக்குக் கிடைக்கும் நிதானம் புதியவர்களுக்குக் கிடைப்பதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளை எடுத்துக்கொண்டால் விவரம் தெளிவாகப் புரியும். 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கு இன்டர்னல் எனப்படும் அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. அந்த 40 எழுத்துத் தேர்வால் மட்டும் வருவதில்லை; அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த ஒழுங்குமுறையின்படி தேர்ச்சி பெற மொத்தத்தில் 50 வேண்டும். செமஸ்டர் தேர்வில் தனியாக 45 விழுக்காடும் வேண்டும். இன்டர்னலில் 36 வாங்கிய ஒருவர் செமஸ்டர் தேர்வில் நூற்றுக்கு 40 எடுத்தால் அது அறுபதுக்கு 24 ஆகி, கூட்டுத்தொகை 60 வரும். ஆனாலும் அவருக்குத் தேர்ச்சி இல்லை. இன்டர்னல் கையில் இருக்கிறது என்று கடைசித் தேர்வை அலட்சியம் செய்தவர்களும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்டர்னலை விட்டவர்களும் ஒரே இடத்தில் வந்து நிற்பது இப்படித்தான்.

வினாத்தாளின் அமைப்பும் வேறு. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று என்பது அங்கே வழக்கமான அமைப்பு. பெரிய வினாக்களில் 'இது அல்லது அது' என்ற தெரிவு அந்தந்த யூனிட்டுக்குள்ளேயே அமைவதால், ஒரு யூனிட்டை முழுதாக விட்டுவிட்டால் தப்பிக்க வழியில்லை. கணிதத் தாளில் பெரிய வினா ஒவ்வொன்றும் 16 மதிப்பெண். முதல் செமஸ்டரில் மாணவர்களை அதிகம் அச்சுறுத்துவதும் அந்தத் தாள்தான். தொடக்கத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தாலே இந்த அமைப்பு புரிந்துவிடும். தேர்வுக்கு முந்தைய வாரம் பார்த்தால் பயன் பாதியாகக் குறைந்துவிடும்.

கிரெடிட் கணக்கைப் பலர் மூன்றாம் செமஸ்டரில்தான் புரிந்துகொள்கிறார்கள். ஒரு தாளில் வாங்கிய கிரேடின் புள்ளியை அந்தத் தாளின் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவது ஜி.பி.ஏ. எல்லா செமஸ்டர்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் சி.ஜி.பி.ஏ. அதே 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் கணிதத்துக்கு 4 கிரெடிட், 'தமிழர் மரபு' தாளுக்கு 1 கிரெடிட். ஆகவே கணிதத்தில் ஒரு படி உயர்வது மற்றதில் நான்கு படி உயர்வதற்குச் சமம். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பல, நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது, சி.ஜி.பி.ஏ. இவ்வளவு இருக்க வேண்டும் என்று வரம்பு வைக்கின்றன. முதலாம் ஆண்டில் சரிந்த சராசரியைப் பிறகு தூக்கி நிறுத்த மூன்று ஆண்டு உழைக்க வேண்டியிருக்கும்.

கலை அறிவியல் கல்லூரிகளில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75 என்பது பரவலான பிரிப்பு. அங்கே பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் முதலாம் ஆண்டிலேயே வருகின்றன. தாய்மொழித் தாள்தானே என்று தமிழைத் தொடாமல் போய் அரியர் வைப்பவர்கள் உண்டு. இயற்பியலோ வணிகவியலோ படிக்கும் மாணவர் பட்டம் வாங்க அந்தத் தாளும் தேவை.

இந்த விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. தன்னாட்சிக் கல்லூரிகளில் வேறு விதமாகவும் இருக்கின்றன. எனவே சீனியர் சொன்ன கணக்கை அப்படியே நம்பாமல், தன் ஆண்டுக்கு உரிய ஒழுங்குமுறை எது என்று துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படித்துக்கொள்வது நல்லது. வருகைப்பதிவு விதியும் அதில் இருக்கும். பொதுவாக 75 விழுக்காடு தேவை. பள்ளியில் ஒரு விடுப்புக் கடிதத்தோடு முடிந்த விஷயம், இங்கே ஒவ்வொரு பீரியடாகக் கணக்கில் ஏறுகிறது. முதல் இரண்டு மாதங்களில் ஊருக்குப் போய்வந்த நாட்கள் செமஸ்டர் முடிவில் தேர்வுக்கூட அனுமதிச்சீட்டை மறித்துக்கொண்டு நிற்கும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களின் சிரமம் தனியானது. அதற்குக் கொடுக்க வேண்டிய கவனத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் கொடுப்பதில்லை. அணிகள், வகைக்கெழு, முடுக்கம் என்று பள்ளியில் நன்றாகப் படித்துத் தெளிந்த பாடமே மேட்ரிக்ஸ், டெரிவேட்டிவ், ஆக்சிலரேஷன் என்று கரும்பலகையில் வரும்போது புதுப் பாடம்போல் தோன்றுகிறது. மாணவருக்குக் கணக்குத் தெரியும். வினா எதைக் கேட்கிறது என்பதுதான் தெரிவதில்லை. இந்த வேறுபாட்டை ஆசிரியரும் மாணவரும் பிரித்தறிவது முக்கியம். நன்கு படித்துவந்த மாணவர் 'எனக்கு வராது' என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு எளிய வழி உண்டு. பாடத்துக்கொரு நோட்டு போட்டு, வலப்பக்கம் ஆங்கிலச் சொல், இடப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல் என்று நாள்தோறும் எழுதிவந்தால், ஒரு யூனிட்டில் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்கள் அவ்வளவு ஒன்றும் அதிகமில்லை என்பது தெரியவரும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பைத் தமிழ் வழிப் பதிப்போடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படிப்பது இன்னும் விரைவாகக் கைகொடுக்கும்; இரண்டும் தமிழ்நாடு அரசின் பாடநூல் வெளியீடுகள், இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வகுப்பில் சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம் என்று ஆசிரியர் முதல் நாளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாத மாணவர் கேட்காமலேயே இருந்துவிடுவார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். தமிழில் சிந்தித்துப் பொறியியல் படிப்பது அங்கீகரிக்கப்பட்ட வழிதான்.

பைத்தான் போன்ற நிரல்மொழித் தாளிலும் இதே கதை. மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்தவருக்குத் தெரிந்ததைத்தான் முதல் சில வாரங்கள் நடத்துவார்கள். உயிரியல் பிரிவிலிருந்து வந்தவர், வீட்டில் கணினி இல்லாதவர், விசைப்பலகையில் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருப்பார். ஆய்வக நேரத்துக்கு வெளியே கணினியைப் பயன்படுத்த அனுமதி கேட்டால் பல துறைகளில் கிடைக்கும், கேட்பவர்கள்தான் குறைவு.

அடுத்தது ஒப்பீடு. பள்ளியில் ஒருவர் முதல் மாணவர். அதே கட்-ஆஃப் வாங்கியவர்கள் அறுபது பேரை ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் அவர்களில் ஒருவர்தான் முதலிடம் பெற முடியும். மற்றவர்களின் அறிவு குறைந்துவிடவில்லை. ஒப்பிடும் கூட்டம்தான் மாறியிருக்கிறது. திறமையாளர் நிறைந்த வகுப்பில் அதே திறமையுள்ள மாணவர்கூடத் தன்னைக் குறைவாக மதிப்பிடுகிறார் என்பதை ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்தே ஆராய்ந்து காட்டியிருக்கிறார். 'சிறு குளத்துப் பெரிய மீன்' விளைவு என்று அதற்குப் பெயர்.

இதைவிட நடைமுறைப் பயன் தந்த ஆய்வு கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு, மேல் வகுப்பினர் எழுதியவை என்று சில குறிப்புகளைப் படிக்கக் கொடுத்தார்கள். 'நாங்களும் முதலாம் ஆண்டில் இந்த இடம் நமக்கு உரியதல்ல என்றுதான் நினைத்தோம். நாளாக நாளாக அது சரியாகிவிட்டது' என்பதுதான் அவற்றின் சாரம். மொத்தம் ஒரு மணி நேர வேலை. அதைப் படித்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்து, வெள்ளை மாணவர்களுடனான இடைவெளி பாதியாகக் குறைந்தது. சிரமம் தனக்கு மட்டும் உரியதல்ல, நிலையானதும் அல்ல என்று தெரிந்ததே அவர்களுக்கு உதவியது. தமிழ்நாட்டின் சூழல் வேறு. ஆனால் அரசுப் பள்ளியிலிருந்து வரும் முதல் பட்டதாரி மாணவருக்கும் 'இது என் இடம்தானா' என்ற கேள்வி எழவே செய்கிறது. அதற்குப் பதில் சொல்ல ஆளும் வேண்டும்.

விடுதி வாழ்க்கையின் கடினம் முதல் சில வாரங்களில்தான் உச்சத்தில் இருக்கும். மெஸ் சாப்பாடு பிடிக்காமல் போவது, இரவு வெகுநேரம் விழித்திருப்பது, காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடுவது, நாளுக்கு நான்கு முறை வீட்டுக்கு அழைப்பது எல்லாம் வழக்கமானவை. வெள்ளிக்கிழமை தோறும் பை தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புபவருக்கு விடுதி எப்போதும் அந்நிய இடமாகவே நின்றுவிடும். இரண்டு மூன்று வார இறுதிகளை அங்கேயே கழித்தவருக்குத்தான் நண்பர்களும் பழக்கமான டீக்கடையும் அமைகின்றன. அம்மாவுக்கு இரவில் ஒருமுறை, ஒரே நேரத்தில் அழைப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் இரு தரப்புக்கும் பதற்றம் குறையும். பெண்கள் விடுதிகளில் நுழைவு நேரக் கட்டுப்பாடு கடுமையாக இருப்பதால் நூலகமும் ஆய்வகமும் மாலைக்குப் பின் அவர்களுக்குக் கிடைக்காமல் போவது ஒரு நிஜமான அநீதி. அதைச் சரிசெய்ய வேண்டியது நிர்வாகம்.

வீட்டிலிருந்து வருபவர்கள் எளிதாகத் தப்பித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். நகரத்துக்கு வெளியே இருக்கும் கல்லூரிக்கு விடியற்காலையில் பேருந்து பிடித்து, மாலை இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் மாணவருக்குப் படிக்கும் நேரம் பயணத்தில் கரைகிறது. அவருக்கு வகுப்பு இடைவேளையும் நூலக நேரமும்தான் உண்மையான படிப்பு நேரம்.

ராகிங் பற்றிச் சுருக்கமாக அல்ல, அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் விளைவாகத் தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1997இல் அது ராகிங் தடைச் சட்டமானது. ராகிங் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வேறு கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. பிறகு உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் நாடு முழுவதற்கும் விதிகளை வகுத்தது. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். 'இன்ட்ரோ' என்ற பெயரில் பாடச் சொல்வதும் ஆடச் சொல்வதும் ரெக்கார்டு நோட்டு எழுத வைப்பதும் ராகிங்தான். அண்ணா, அக்கா என்று அன்போடு அழைத்துப் பழகும் நட்பு வேறு, கட்டளைக்குப் பணிவது வேறு. பெரும்பாலான சீனியர்கள் பழைய வினாத்தாளும் புத்தகமும் கொடுத்து உதவுபவர்களே. அவர்களையும் சேர்த்துக் களங்கப்படுத்துபவர்களைத்தான் இந்தச் சட்டம் குறிவைக்கிறது.

இன்னொரு கேள்வி மென்மையாக வரும்: 'எந்த ஊர், எந்தத் தெரு, என்ன கோட்டாவில் வந்தாய்?' சாதியை அறியும் நோக்கத்தோடு கேட்கப்படும் கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லும் கடமை எந்த மாணவருக்கும் இல்லை. பாகுபாட்டைப் பற்றிப் புகார் செய்யக் கல்லூரிகளில் சமவாய்ப்பு மையம் இருக்க வேண்டும் என்று மானியக் குழு 2012இலேயே விதித்திருக்கிறது.

பண விஷயத்தில் தெரியாமல் இழப்பவர்கள் அதிகம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வருகிறது. கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரியில் இவற்றுக்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். முதல் மாதத்திலேயே அவரைப் பார்த்து, ஆதாரும் வங்கிக் கணக்கும் சரியாக இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

படிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் தேவை. திரும்பத் திரும்ப வாசிப்பது பள்ளியில் போதுமானதாக இருந்திருக்கும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பாடப்பகுதியைத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முன்னே இருந்தார்கள். செமஸ்டர் தேர்வு வாரங்கள் கழித்து வருவது. அன்றாடம் வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் எழுதிப் பார்ப்பவருக்கே அது சாதகமாக அமையும்.

இவ்வளவும் செய்து ஒரு தாளில் அரியர் விழுந்தால்? விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அடுத்த முறை எழுதித் தேறலாம். எல்லாவற்றுக்கும் கெடு தேதி உண்டு. வெட்கத்தில் அறைக்குள் முடங்கினால் அந்தத் தேதி கடந்துவிடும். முதல் செமஸ்டரில் அரியர் வைத்து நான்காம் ஆண்டில் நல்ல வேலையோடு வெளியே போனவர்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள்.

சில அறிகுறிகளை மட்டும் 'பழகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது. நாட்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, தூங்காமல் இருப்பது அல்லது எழவே மறுப்பது, வகுப்புக்குப் போவதை முற்றிலும் நிறுத்துவது, யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது, வாழ்வதில் பொருளில்லை என்று பேசுவது ஆகியவை உதவி தேவை என்பதன் அடையாளங்கள். அறைத் தோழர்தான் இவற்றை முதலில் கவனிப்பார். அவர் விடுதிக் காப்பாளரிடமோ பொறுப்பாசிரியரிடமோ சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இலும் தமிழ்நாடு அரசின் உதவி எண் 104இலும் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வோர் அழைப்பிலும் மதிப்பெண்ணையும் கட்டிய கட்டணத்தையும் பற்றி மட்டும் பேசாமல், சாப்பிட்டாயா, யாரோடு பேசினாய், எந்தப் பாடம் புரியவில்லை என்று கேட்டால் பிள்ளை உண்மையைச் சொல்லும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஜி.பி.ஏ.யோடு ஒப்பிட்டால் அடுத்த முறை பொய் சொல்லும்.

தொழில்நுட்பக் கல்லூரிகளில் முதலாம் ஆண்டினருக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) வகுத்திருக்கிறது. பல இடங்களில் அது மேடைப் பேச்சுகளிலும் பொன்னாடைகளிலும் முடிகிறது. அந்த நாட்களில் ஒரு மணி நேரத்தையாவது இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம், குறிப்பாகத் தமிழ் வழியில் படித்து வந்தவர்களிடம், ஒப்படைக்கக் கல்லூரிகள் முன்வர வேண்டும். அவர்கள் தங்கள் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணையும், எந்தத் தாளில் சறுக்கினார்கள், யாரிடம் போய்க் கேட்டார்கள் என்பதையும் மறைக்காமல் புதியவர்களுக்குச் சொல்லட்டும்.